வாரன் லெஸ்லியின் அட்டை

எங்கள் அலுவலகக் கைநூலின் பதினான்காம் விதி இப்படிச் சொல்கிறது: "பதிவில் இல்லாத பெயருக்கு அனுப்பும் படிவக் கடிதத்தில், அச்சிட்ட வாசகத்தைத் தவிரக் கையால் எதுவும் சேர்க்கப்படலாகாது." காரணமும் தந்திருந்தார்கள்: விசாரிப்பவருக்கு வீண் நம்பிக்கை ஏற்படக்கூடும். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கைநூலோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதிலிருந்த விதிகளுள் மிகவும் நியாயமானது இதுதான். நான் வேண்டுமென்றே மீறியதும் இந்த ஒன்றைத்தான்.

நிரோஷா கேட்டதால் இதை எழுதுகிறேன். என் வேலையின் கடைசி இரண்டு வருடங்களில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவள் அவள். என் மகளைவிட இளையவள், இங்கே லண்டனின் குரொய்டனில் பிறந்தவள். கூட்டங்களில் என்னை மிஸ்டர் யோகநாதன் என்பாள். கூட்டம் முடிந்து கதவு மூடியதும் அங்கிள் என்பாள். அட்டைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் பொறுப்பு அவளுடையது. அது முடிந்துவிட்டது. அட்டைப் பெட்டிகள் நின்ற அறையில் இப்போது சோபா போட்டிருக்கிறார்களாம்.

"புதுசா வந்த ஆக்களுக்கு அட்டை எண்டா என்னெண்டே தெரியாது, அங்கிள். எப்பிடி வேலை செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ," என்றாள். "ஆனா கைநூல் மாதிரி எழுதிப்போடாதேங்கோ."

முயல்கிறேன்.

முதல் உலகப் போரில் இறந்து இந்த நாட்டு மண்ணில் புதைக்கப்பட்ட பிற நாட்டுப் படையினரின் பதிவுகளைக் காப்பது எங்கள் பிரிவின் வேலை. ஒருவருக்கு ஓர் அட்டை. பெயர், படை, இறந்த இடம், மயானம், குழியின் எண். யாராவது ஒரு பேரனோ மருமகளோ கடிதம் எழுதுவார்கள்: எங்கள் ஆள் எங்கே கிடக்கிறார்? அட்டை இருந்தால் எட்டாம் படிவம் போகும். இல்லாவிட்டால் ஒன்பதாம் படிவம்: "தாங்கள் விசாரித்த பெயர் எங்கள் பதிவுகளில் இல்லை." அவ்வளவுதான். இதற்காகவா ஒரு பிரிவு என்று என் மைத்துனர் ஒருமுறை கேட்டார். அவர் காப்புறுதி விற்கிறவர்.

பயிற்சி இரண்டு வாரம். முதல் வாரம் பென்சில் சீவக் கற்றேன். மிகைப்படுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று மூன்று வருடம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்துவிட்டு வந்தவனுக்கு, லண்டனில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி பென்சில் சீவச் சொல்லிக்கொடுத்தார். பெட்டி அறைக்குள் மை அனுமதி இல்லை. பென்சில் மழுங்கினால் ஒன்று ஏழாகத் தெரியும், ஏழாகத் தெரிந்தால் ஒரு மனிதர் வேறொருவர் குழியில் கிடப்பார். இது மிஸ் ஹார்க்னெஸ்ஸின் வாதம்.

மிஸ் ஹார்க்னெஸ் பிரிவின் தலைவி. உயரமானவர். எல்லா நாளும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. குரலை உயர்த்தியதே இல்லை. பிழை கண்டால் கையிலிருக்கும் மர அளவுகோலை மேசையில் மெதுவாக வைப்பார். அந்தச் சின்னச் சத்தத்துக்கு அறை முழுவதும் நிமிர்ந்து உட்காரும். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தையும் யன்னலோரம் நின்று இரண்டு தடவை வாசிப்பார். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாம் தடவை கோலால் மறைத்து, ஒவ்வொரு வரியாக, கீழிருந்து மேலாக. அர்த்தம் தெரியாமல் வாசித்தால்தான் பிழை தெரியும் என்பார். உள்ளே வரும் கடிதத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தார். உறையைத் திறந்ததும், வாசிக்கும் முன்னமே, மேல் வலது மூலையில் பென்சிலால் அது கிடைத்த திகதியை எழுத வேண்டும். "வாசித்த பிறகு எழுதினால் மறந்துபோவீர்கள், செல்லா. கடிதங்களின் குணம் அது."

செல்லா நான்தான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே மூலம்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா செல்லத்துரை, நான் யோகநாதன். எழுதினால் செல்லத்துரை யோகநாதன்: முன்னால் நிற்பது அப்பா, பின்னால் நிற்பது நான். பள்ளிக்கூடத்தில் ஒருவனைக் கூப்பிட்டால் அவனுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தகப்பன் பெயரைச் சொல்லி அல்ல. ஆனால் ஹீத்ரோவில் ஓர் அதிகாரி, முன்னால் நிற்பதுதான் என் பெயர், பின்னால் நிற்பது என் வம்சம் என்று தீர்மானித்தார். அன்று தொடங்கி அலுவலகத்தில், வங்கியில், வைத்தியசாலையில் எல்லாம் நான் செல்லா. யாராவது அன்பாக, "செல்லா, தேநீர் வேண்டுமா?" என்று கேட்கும்போதெல்லாம் கோண்டாவிலில் காலமான என் தகப்பனாருக்கே தேநீர் வழங்கப்பட்டது. அவர் கோப்பி குடிக்கிறவர்.

நான் சேர்ந்த மூன்றாம் வாரம் பிரான்சிலிருந்து ஒரு சிறு பட்டியல் வந்தது. பிரெஞ்சுப் படையில் இருந்து இங்கே இறந்த பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் புது அட்டை எழுதி, குடும்பப் பெயரின் அகரவரிசையில் பெட்டிகளில் சேர்க்க வேண்டும்; அதன்பின் பட்டியலை வைத்திருப்பதில்லை. பிரெஞ்சு இராணுவம் குடும்பப் பெயரை முன்னால் எழுதும். அது எனக்குத் தெரியாது. பட்டியலைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர். முன்னால் தகப்பன், பின்னால் மகன். அடடா, எங்களைப் போலவே எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். குடும்பம் என்று சொன்னாலும், ஓர் ஆளைத் தேடுகிறவர்கள் அந்த ஆளின் பெயரில்தானே தேடுவார்கள்? பதினொரு பேரையும் பின்னால் நின்ற பெயரின் வரிசையில் சேர்த்துவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து என் மேசையில் கோல் மெதுவாக வந்து அமர்ந்தது.

"செல்லா, ஒரே பெட்டியில் மூன்று பியேர்கள் இருக்கிறார்கள்."

"ஆம், மிஸ் ஹார்க்னெஸ்."

"பிரான்சில் பியேர் என்பது குடும்பம் அல்ல. அது ஒரு பழக்கம்."

அன்று மாலையே அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, நான் சேர்த்த அட்டைகளை உருவி, உரிய இடங்களில் வைத்தார். தகுதிகாண் காலத்தில் இருந்த என்னைப் பற்றி மேலதிகாரிகளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காக வெகுகாலம் அவருக்கு நன்றியோடு இருந்தேன். இப்போதும் இருக்கிறேன், வேறு விதமாக.

அடுத்த வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீல மையில், நடுங்கிய கையெழுத்தில் நான்கு பக்கம். எழுதியவர் ஈடித் என்ற பெண்மணி, எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய அண்ணன் வாரன் லெஸ்லி. வாரன் அவருடைய பெயர், லெஸ்லி குடும்பத்தின் பெயர். அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத காலத்தில், படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேறி, முதலில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டி, பிறகு விமானம் ஓட்டக் கற்று, பிரான்சுக்காகப் பறந்தவர். அப்படிப் போன அமெரிக்கப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் இருந்தார்கள். பிரான்சுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் சொந்தக் குடியுரிமை போய்விடும் என்பதால், காகிதத்தில் வெளிநாட்டவர் படையணியில் சேர்ந்து, அங்கிருந்து விமானப் படைக்குப் போவார்கள். யாருடைய சண்டையையோ தன்னுடையதாக்கிக்கொண்ட ஒருவனுக்கும் ஒரு படிவம் வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஒரு தொழில்முறை ஆறுதல்.

அண்ணன் கப்பலேறியபோது ஈடித்துக்கு ஒன்பது வயது. அங்கிருந்து அவளுக்குப் படம் வரைந்து அனுப்புவாராம். ஒரு படத்தில் தன் விமானத்தைக் கீழிருந்து பார்ப்பதுபோல வரைந்து, இறக்கையின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் "ஈடித்" என்று எழுதியிருந்தார். "என் அதிகாரிக்குத் தெரியாது. ஜெர்மன்காரர்களுக்கு மட்டும்தான் உன் பெயர் தெரியும். அவர்கள் உன்னைப் பற்றி மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்கள்" என்று கீழே ஒரு குறிப்பு. அமெரிக்கா போரில் இறங்கியபின் மற்றவர்கள் சொந்தப் படைக்கு மாறினார்கள். வாரனை மாற்றவில்லை, அமெரிக்க வைத்தியர்கள் அவருடைய இடது கண் போதாது என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கண்ணோடு அவர் ஏற்கெனவே இரண்டு குளிர்காலம் பறந்திருந்தார். பிறகு நெஞ்சில் காயம். தேறி, விடுமுறையில் லண்டன் வந்தவரைக் காய்ச்சல் கொண்டுபோனது. வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி மட்டும். அடுத்தவன் நாட்டுக்காகப் போனவனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் விசாரிக்கக் கூடாது என்று தகப்பன் சொல்லிவிட்டார். தகப்பன் போனபின் தாய்க்குத் துணிவில்லை. தாய் போனபின் ஈடித்துக்குக் கல்யாணம், பிள்ளை, வாழ்க்கை.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி. "அவன் எங்கே படுத்திருக்கிறான் என்று மட்டும் சொல்வீர்களா?"

நான் பெட்டியைத் திறந்தேன். லெஸ்லி என்ற பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். வாரன் இல்லை. கைநூல் சொல்கிறபடி, பெயரை வேறு எந்தெந்த விதமாக எழுதியிருக்கக்கூடுமோ அத்தனையிலும் தேடினேன். இல்லை. ஒன்பதாம் படிவத்தை எடுத்துப் பெயரையும் திகதியையும் தட்டச்சு செய்தேன்.

அந்த நாட்களில் ஊரில் பலர் இராணுவத்துக்கு இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளையைக் கொண்டுபோனீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. என் பெரியம்மா எழுதினார். அவருக்கு ஒன்பதாம் படிவம்கூட வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. படிவத்தின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினேன் என்பதற்கு இது காரணம், அவ்வளவே. "மன்னிக்கவும். நான் தேடிக்கொண்டிருப்பேன்."

மிஸ் ஹார்க்னெஸ் யன்னலோரம் நின்று அதை வாசித்தார். இரண்டாம் தடவை முழுதாக வாசிக்க வேண்டியிருக்கவில்லை. கீழிருந்து தொடங்கினால் முதல் வரியே அதுதான்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆம்."

"விதி பதினான்கு?"

"தெரியும்."

"தெரிந்து எழுதியிருக்கிறீர்கள்." கோல் மேசைக்கு வரவில்லை. கையிலேயே இருந்தது. கடிதத்தைத் திருப்பித் தருவார், வேறு படிவம் அடிக்கலாம் என்று நான் காத்து நின்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இந்தப் பிரிவிலிருந்து பொய்யான கடிதம் எதுவும் போவதில்லை, செல்லா. தேடிக்கொண்டிருப்பேன் என்று எழுதினால் தேட வேண்டும்."

ஒரு நினைவூட்டல் சீட்டை எடுத்துப் பெயரை எழுதி, அடுத்த வருடம் அதே நாளின் தட்டில் போட்டார். நினைவூட்டல் சீட்டு என்பது, குறித்த நாள் வந்ததும் மேசைக்கு வந்து சேரும் ஒரு துண்டுக் காகிதம். கிரமமாக நடக்கும் ஒரு நாட்டில் அதைவிடப் பிடிவாதமான பொருள் கிடையாது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும், சீட்டு வரும், நான் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன், அடுத்த வருடத் தட்டில் போடுவேன்.

ஈடித்திடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "நன்றி. தேடுங்கள். காத்திருந்து எனக்குப் பழக்கம்." மேல் வலது மூலையில் திகதி எழுதிக் கோப்பில் வைத்தேன்.

சும்மா பெட்டியை மட்டும் திறந்தேன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவுக்கு எழுதினேன். இறந்தபோது அவர் எங்கள் படையில் இல்லை, ஆகவே எங்களிடம் பதிவில்லை என்றார்கள். பிரான்சுக்கு எழுதினேன். எங்கள் மண்ணில் இறக்கவில்லை, எங்களிடம் இருந்ததை அனுப்பிவிட்டோம், இறந்த நாட்டிடம் கேளுங்கள் என்று மிக அழகான பிரெஞ்சில் பதில் வந்தது. இறந்த நாடு என்றால் நாங்கள். எங்களுக்குள் அந்த வேலைக்குப் பொறுப்பான ஆள் நான். மூன்று நாட்டின் விதிகளும் சரியாக வேலை செய்தன. அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் காணாமல் போயிருந்தார்.

மிஸ் ஹார்க்னெஸ் ஓய்வுபெற்ற நாளில் கேக் வெட்டினோம். மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"லெஸ்லி சீட்டு?"

"தட்டில் இருக்கிறது."

"நல்லது," என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. நான்கு வருடத்தில் காலமானார்.

பிறகு தட்டச்சுப் பொறிகள் போயின, நான் பிரிவின் மூத்தவனானேன், படிவங்கள் மின்னஞ்சலாயின. ஒருநாள் ரூத் என்றொருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஈடித்தின் மகள். "அம்மா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. நீங்கள் ஏதாவது கண்டுபிடித்தீர்களா?" மறுபடியும் ஒன்பதாம் படிவம். இந்த முறை அது கணினியின் அச்சு வாசகம். கையால் எழுத இடமே இல்லை. விதி பதினான்கை இயந்திரம் தானாகவே கடைப்பிடித்தது.

என் கடைசி வருடத்தில் சீட்டு வழக்கம்போல வந்தது. அப்போது பெட்டிகள் பாதி கணினியில் ஏற்றப்பட்டு அறை காலியாகிக்கொண்டிருந்தது. நிரோஷாவின் மேசைக்குப் போனேன்.

"இந்தப் பெயரை ஒருக்காப் போட்டுப் பார் பிள்ளை."

"ஆர் இது?"

"என்ர பழைய சிநேகிதன். இன்னும் சந்திக்கேல்லை."

வாரன் லெஸ்லி என்று அடித்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக்கூடப் போடவில்லை; பதில் எனக்குத் தெரியும்.

"ஒண்டு இருக்கு அங்கிள்."

"இராது. வேற லெஸ்லியா இருக்கும்."

"இல்லை, இஞ்ச பாருங்கோ. ரெண்டு பெயரும் இருக்கு. ஆனா வாரன் எண்டதுதான் குடும்பப் பெயர் மாதிரி முன்னுக்கு வந்திருக்கு. இதுக்கு முன்பின் வித்தியாசமில்லை, எப்பிடிப் போட்டாலும் பிடிக்கும்." படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு தணிந்த குரலில், "அங்கிள், இது உங்கட ஹேண்ட்ரைட்டிங் தானே?" என்றாள்.

கண்ணாடியைப் போட்டேன். இளைஞனின் உருண்டையான எழுத்து. ஏழுக்கு நடுவே நான் போடும் சிறு கோடு. பென்சில் நன்றாகச் சீவப்பட்டிருந்தது.

பதினொரு அட்டைகளில் ஒன்று அது. பட்டியலில் லெஸ்லி வாரன் என்று இருந்ததை, அப்பா லெஸ்லி, மகன் வாரன் என்று நான் வாசித்து, வாரன்கள் இருக்கும் பெட்டியில் போட்டிருக்கிறேன். பிறகு மிஸ் ஹார்க்னெஸ் பிழை திருத்த வந்தபோது, பியேர் போன்ற பெயர்கள் அவர் கண்ணில் குத்தின, உருவி எடுத்தார். ஆனால் வாரன் என்பது இந்த நாட்டில் குடும்பப் பெயராகவும் இருக்கும். லெஸ்லி என்று ஆண்களுக்குப் பெயரும் வைப்பார்கள். வாரன் குடும்பத்து லெஸ்லி என்று பார்த்து, இது சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். ஒரு யாழ்ப்பாணத்தானும் ஓர் ஆங்கிலேயரும் அவரவர் வழக்கப்படி ஒழுங்காக வேலை செய்ததில் ஓர் அமெரிக்கர் முப்பது வருடத்துக்கு மேல் தொலைந்திருந்தார்.

தேடும்போது பெயரின் எழுத்துகளை எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்தேன். முன்பின்னாகத் திருப்பிப் பார்க்கக் கைநூலில் விதி இல்லை. சொந்தப் பெயரே தலைகீழாக நடக்கும் ஊரில் வாழ்ந்தவனுக்கு, இன்னொருவன் பெயரைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஈடித் கேட்ட கேள்விக்கான பதில் அதே அறையில், வேறொரு பெட்டியில், என் கையெழுத்திலேயே இருந்தது. "இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்.

நிரோஷா எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்தாள். "இருங்கோ அங்கிள்," என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்தாள்.

அட்டையில் மயானத்தின் பெயர் இருந்தது. மனோர் பார்க். நான் குடியிருக்கும் இடம். மனோர் பார்க்கில் உயிரோடு இருப்பவர்களைவிட மண்ணுக்குள் இருப்பவர்கள் அதிகம், ஆகவே இது பெரிய அதிசயம் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

பதிவுப் பிழைக்கு ஒரு நடைமுறை உண்டு. பிழை அறிவித்தல் படிவம், பிரிவுத் தலைவர் ஒப்பம், பிறகு சட்டப் பகுதி அங்கீகரித்த வாசகம்: "தங்கள் விசாரணை தொடர்பான ஒரு பதிவு அடையாளம் காணப்பட்டுள்ளது." யார் தொலைத்தார் என்று அதில் இராது. தானாகவே தொலைந்து தானாகவே வந்ததுபோல இருக்கும். அதோடு ரூத்துக்கு அனுப்ப ஒரு விண்ணப்பமும் சேர்ந்தது. அந்த இடத்தில் கல் இல்லை. கல் நாட்ட பிரான்ஸ் இப்போது சம்மதித்தது, ஆனால் நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். வாரனுக்கு ரூத்தைத் தவிர யாரும் இல்லை. ரூத்துக்குப் பிள்ளைகள் இல்லை, வயது எண்பத்தைந்து. அவர் கையெழுத்திடாமல் போனால் அந்த இடம் எப்போதும் வெறும் புல்தான்.

ரூத்தின் மின்னஞ்சல் முகவரி செயலிழந்திருந்தது. தபாலில் அனுப்பினோம். பதில் இல்லை. நான் ஓய்வுபெற்றேன், கேக் வெட்டினார்கள்.

ஓய்வுபெற்ற மூன்றாம் நாள் நானே ஒரு கடிதம் எழுதினேன். கையால். எந்தச் சட்டப் பகுதியும் பார்க்கவில்லை. அட்டையைத் தொலைத்தவன் நான், எப்படித் தொலைத்தேன் என்பது இது, உங்கள் தாயாருக்கு இல்லை என்று எழுதியவனும் நான், மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை, ஆனால் தயவுசெய்து கல்லுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள், என் பிழைக்காக அவரைப் பெயரில்லாமல் விட்டுவிடாதீர்கள் என்று. அடியில் யோகநாதன் என்று எழுதினேன். செல்லத்துரையை இதில் இழுக்க விரும்பவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை மயானத்துக்குப் போகத் தொடங்கினேன். முதல் நாள் என் மனைவி இந்திராணியிடம் சொன்னபோது அவள் வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்குப் போற வழியில சுடலைக்குப் போறதோ? உங்களுக்கென்ன விசரே?"

"வழியிலதானே இருக்கு."

"வழியில எத்தினையோ இருக்கு." சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு யோசித்தாள். "சரி. முதல்ல முருகன். பிறகு உங்கட பிளேன்காரன். வந்து ரெண்டு பேரும் முழுகிப்போட்டுத்தான் குசினிக்குள்ள கால் வைக்கலாம்."

அப்படியே செய்தோம். மயான அலுவலகத்தில் வரைபடம் வாங்கி, சதுரம் சதுரமாக எண்ணிப் போனோம். இரண்டு பழைய கற்களுக்கு நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு புல். இந்திராணி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இதுவோ?"

"ஓம்."

"எத்தினை வயசு?"

"இருபத்தஞ்சு."

அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு செவ்வரத்தம்பூவை எடுத்தாள். வைப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள். கோயில் பூ, கிறிஸ்தவப் பிள்ளை. பிறகு குனிந்து வைத்தாள். "இவ்வளவு கிட்ட இருந்திருக்கிறாய், தம்பி," என்றாள், என்னிடம் அல்ல. அப்போது மேலே ஒரு விமானம் லண்டன் சிட்டி விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மனோர் பார்க்கில் பகல் முழுவதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதன் இறக்கையின் அடிப்பக்கத்தை நான் அண்ணாந்து பார்த்தேன்.

இலையுதிர்காலம் போனது. தபாற்காரர் வரும் நேரத்தில் நான் தற்செயலாக வாசலில் நிற்பதை இந்திராணி கவனித்தாள், கேலி செய்தாள், பிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். நிரோஷா மாதத்துக்கொரு தடவை குறுஞ்செய்தி அனுப்புவாள்: "படிவம் இன்னும் வரேல்லை அங்கிள்." ரூத் காலமாகிவிட்டார் என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். முடிவு செய்தபிறகும் வாசலில் நின்றேன்.

அது வந்தபோது நான் வாசலில் இல்லை. குளியலறையில் குழாய் திருத்திக்கொண்டிருந்தேன். இந்திராணிதான் கொண்டுவந்தாள். தடித்த உறை, அமெரிக்க முத்திரை. ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தேன்.

"உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு மிகுந்த கோபம் வந்தது," என்று ரூத் எழுதியிருந்தார். "அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். நான் எழுதாததற்கு முதுமையைக் காரணம் சொல்லலாம், ஆனால் நீங்கள் உண்மை சொன்னதால் நானும் சொல்கிறேன். கோபம்தான். பிறகு அம்மாவின் பொருட்களுக்குள் ஒன்றைத் தேடினேன். இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. உங்களுக்கே அனுப்புகிறேன்.

"அம்மா தன் கடைசி வருடங்களில் இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களிடம், லண்டனில் எனக்கு ஓர் ஆள் இருக்கிறார், அவர் என் அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பார். எங்கள் வீட்டில் அதற்கு முன் அவரை யாரும் தேடியதே இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். கல்லில் பெயரை எந்த வரிசையில் செதுக்கினாலும் எனக்குச் சம்மதம். இனி யாரும் அவரைத் தேட வேண்டியதில்லை அல்லவா?"

விண்ணப்பத்தைச் சரிபார்த்தேன். ஆறாம் பகுதியை நிரப்பாமல் விட்டிருந்தார். விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும். ஆறாம் பகுதியில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நிரோஷாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

மற்றக் காகிதம் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தது. ஒன்பதாம் படிவம். தட்டச்சு எழுத்துகள் வெளிறிவிட்டன. அடியில் பேனா வரி மட்டும் அப்படியே இருந்தது.

"என்னப்பா, என்ன எழுதியிருக்கு?" என்று இந்திராணி மூன்றாம் தடவையாகக் கேட்டாள். நான் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் வாசித்து முடிக்கும்வரை இருந்து, திரும்ப வாங்கி, பென்சிலைத் தேடி எடுத்துச் சீவினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாசித்த பிறகு, மேல் வலது மூலையில் எழுதினேன்: ஜனவரி 16.